வெளிச்சம் யார்மேல் விழுகிறது

முதல் ஆண்டு முழுக்க எங்களை மேடையில் நடிக்க விடவில்லை. நாடகம் படிக்க ஆசைப்பட்டு வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஏமாற்றம்தான். காலையில் வெறும் தரையில் நடப்போம். குதிகால் முதலில் படுகிறதா, விரல் முதலில் படுகிறதா என்று கவனித்துக்கொண்டே நடக்க வேண்டும். அப்புறம் சுவரைப் பார்த்து நின்று, மூச்சை வயிறுவரை இழுத்து, ஒரே ஓர் உயிரெழுத்தை மூச்சு தீரும்வரை சொல்லுவோம். மதியம் நாடகப் பிரதி வாசிப்பு. மாலையில் மூன்றாம் ஆண்டு அண்ணன்களும் அக்காக்களும் ஒத்திகை பார்ப்பார்கள். நாங்கள் மேடையைப் பெருக்குவோம். மேடைக்குப் போகும் செம்பு, கடிதம், கைத்தடி ஒவ்வொன்றுக்கும் மேசையில் கோடு போட்டு இடம் ஒதுக்குவோம். யார் எந்த வசனத்தில் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்று பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறிப்போம்.

என்னை லைட்டுக்குப் போட்டார்கள். ஏணியில் ஏறி, கம்பியில் தொங்கும் விளக்கைத் திருப்பி, கிளாம்பை முறுக்கி, அது கழன்றாலும் கீழே விழாமல் இருக்கச் சங்கிலி மாட்டி, சூடான கூட்டின் வாயில் வண்ணத்தாளைச் செருகுகிற வேலை. கீழே வகுப்புத் தோழி ஒருத்தி அசையாமல் நிற்பாள். நேர் எதிரிலிருந்து விளக்கைப் போட்டால் அவள் முகம் அப்பளம்போலத் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் போட்டால் மூக்கும் தாடையும் எழுந்து வரும். தலைக்கு மேலிருந்து போட்டால் கண் இரண்டும் குழிக்குள் போய், பத்து வயது கூடிவிடும். அதே பெண், அதே இடம், அவள் ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் பார்க்கிற நமக்கு அவளைப் பற்றி வேறு வேறு கதை தோன்றுகிறது. அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனது. நடிப்பதற்கு வெளியே நாடகத்தில் இவ்வளவு இருக்கிறதே என்ற வியப்பு இன்றுவரை குறையவில்லை.

எனக்கு ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கம். கொஞ்சம் மாந்தோப்பு, பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா ரகம். பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் அல்லது ஆசிரியர் பயிற்சி என்று வீட்டில் பேச்சு. எனக்கு நாடகம் படிக்கவேண்டும் என்றிருந்தது. தமிழ்நாட்டில் இளங்கலையிலேயே நாடகத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கிற இடங்கள் அரிது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் பட்டம் முடித்தவர்கள்தான் அதிகம் போகிறார்கள். பக்கத்தில் இருந்தது பெங்களூர். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் சுமார் 90 கிலோமீட்டர், நடுவில் ஓசூரில் மாமா வீடு. நாடகம், ஆங்கில இலக்கியம், உளவியல் என்று மூன்று பாடங்கள் சேர்ந்த பி.ஏ. ஒரு கல்லூரியில் கிடைத்தது. அதில் உளவியல் இருந்ததால்தான் அப்பா ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அம்மா ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. 1990களின் கடைசியில், கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியாத காலத்தில், தர்மபுரி மாவட்டம் முழுக்கப் பெண் சிசுக்கொலைக்கு எதிராக வீதி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. கலைப்பயணம் என்று அதைச் சொல்வார்கள். அம்மா கல்யாணமாகி வந்த புதிது. தெருமுனையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்திருக்கிறார். பிறந்த பெண் குழந்தையை என்ன செய்வது என்று ஒரு வீட்டுக்குள் நடக்கிற பேச்சு அந்த நாடகத்தில் வந்ததாம். அதுவரை வாசலுக்கு வெளியே யாரும் பேசாத பேச்சு. நடித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்றும், நாடகம் முடிந்த பிறகும் யாரும் கலையாமல் நின்றார்கள் என்றும் அம்மா சொல்வார். ‘‘அந்தப் பொண்ணு என்னையே பாத்துப் பேசின மாதிரி இருந்துச்சு’’ என்பார். ஒரு நாடகம் தன்னைப் பார்த்துப் பேசியது என்பதை ஏறக்குறைய இருபது வருடம் மனதில் வைத்திருந்த ஒருவர்தான் என் படிப்புக்கு வீட்டில் வாதாடியவர்.

இரண்டாம் ஆண்டில் வரலாறும் கோட்பாடும் வந்தன. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பற்றிப் பல வாரங்கள் படித்தோம். 1898இல் தொடங்கிய மாஸ்கோ கலை அரங்கில், பாத்திரத்தின் மனநிலையை நடிகர் உள்ளிருந்து கட்டி எழுப்ப ஒரு முறையை அவர் வாழ்நாள் முழுக்கத் தேடினார். நடிகர் மேடையில் தனியாக இருப்பதுபோல் இருக்கலாம். நாம் சாவித்துளை வழியாகப் பார்க்கிறோம். அதற்கு நேர் எதிரில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட். 1935இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரின் ஆட்டத்தை அவர் பார்க்கிறார். பெண் வேடம் கட்டுகிற அந்த நடிகர், தான் நடித்துக் காட்டுகிறேன் என்பதை மறைக்கவே இல்லை. தன் கையசைவைத் தானே பார்க்கிறார். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தே ஆடுகிறார். பார்க்கிறவர் கதையில் மூழ்கிவிடாமல் தள்ளி நின்று யோசிக்க வேண்டும் என்று பிரெக்ட் தன் அரங்குக்குத் தேடிக்கொண்டிருந்த விலகலை அங்கே கண்டார்.

வகுப்பில் எல்லோரும் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்க, எனக்கு எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் திடல் நினைவுக்கு வந்தது. கூத்தில் வேஷம் முதலில் நேராக வராது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதன் பின்னால் நின்று, துரியோதன மகாராஜன் வருகிறான், அவன் பராக்கிரமம் இப்படி இப்படி என்று, வேஷக்காரர் தன்னைப் பற்றியே யாரோ ஒருவரைச் சொல்வதுபோலப் பாடுவார். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். திரை விலகியதும், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வந்து, ‘‘நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தீங்க?’’ என்று கேட்பான். மகாராஜா மறுபடியும் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சபையில் கூத்துப் பார்க்கிற பிள்ளைக்குக்கூட இவர் யார் வீட்டு மனிதர், பகலில் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியும். தெரிந்தேதான் துரியோதனனுக்குப் பயப்படும்.

இதைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா எல்லாம் நம்மிடமே இருந்தது என்று முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. இருபது வருடம் கூத்துப் பார்த்தும் அந்தத் திரை எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது வகுப்பறை.

விளக்குப் பாடத்தில் ஒரு செய்தி என்னை ரொம்ப நாள் விடவில்லை. பார்வையாளர்களை இருட்டில் உட்காரவைப்பது ஐரோப்பாவில்கூடப் பழைய வழக்கம் கிடையாது. மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த காலத்தில் சபையும் மேடையும் சேர்ந்தே வெளிச்சத்தில் இருந்தன. பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பேசிக்கொண்டார்கள். 1876இல் ஜெர்மனியில் பைரய்த் அரங்கைத் திறந்தபோது இசைநாடகக்காரர் வாக்னர் சபையின் விளக்குகளைத் தணித்தார். 1881இல் லண்டன் சவாய் அரங்கம் முழுக்க மின்விளக்குக்கு மாறியது. மின்சாரம் வந்த பிறகு சபையை அணைத்து மேடையை மட்டும் ஏற்றுவது சுலபமாகிவிட்டது. ஏறக்குறைய நூற்றைம்பது வருடமே ஆன அந்தப் பழக்கத்தைத்தான் இன்றைக்கு நாடகம் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த இருட்டு எனக்கு உயர்வாகவும் தெரிகிறது. பெங்களூர் ஜே.பி. நகரில் ரங்கசங்கரா இருக்கிறது. கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் நினைவாக அவர் மனைவி அருந்ததி நாக் முன்னின்று கட்டி, 2004இல் திறந்த அரங்கம். நாடகம் தொடங்கிவிட்டால் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். மாணவப் பருவத்தில் நான் அதிகம் கற்றது அங்கேதான். விளக்கு அணைந்ததும் முந்நூறு பேர் மூச்சடக்கும் அந்த நொடியில், மேடையில் இருக்கிறவருக்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு மரியாதை தருகிறோம். மெதுவாகச் சொன்ன ஒரு சொல்கூடக் கடைசி வரிசைக்கு வரும். கூத்தில் அது முடியாது. அங்கே குழந்தை அழும், பஜ்ஜிக் கடையில் எண்ணெய் பொரியும், பாதிப் பேர் தூங்குவார்கள். ஒன்று மேல், ஒன்று கீழ் என்று நான் சொல்லவில்லை. இருட்டில் உட்காருகிறவருக்கு ஒரு வேலைதான் உண்டு, கவனிப்பது. வெளிச்சத்தில் உட்காருகிறவருக்கு இன்னும் பல வேலைகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்துக் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்துத் திருவிழாவைப் பார்த்தால் அது தெரியும்.

அதற்கு முன்னால் சிலப்பதிகாரம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவு வருகிறது. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேலே உத்தரப் பலகை நான்கு கோல் உயரத்தில். ஒரு விரலை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 14 அடிக்கு 16 அடி, 2 அடி உயர மேடை. மூன்று வகைத் திரையும் அதில் உண்டு. எனக்கு நெஞ்சில் நின்றது இதெல்லாம் அல்ல, தூணின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாமல் வெளியே போகும்படி விளக்கை நிறுத்த வேண்டும் என்கிற அந்த அரை வரி. நிழல் எங்கே விழும் என்று கவலைப்பட்ட ஒரு விளக்குக்காரர் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறார்! முகத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் 45 பாகையில் விளக்கு வர வேண்டும் என்று அமெரிக்காவில் மெக்கேன்ட்லெஸ் 1932இல் எழுதிய முறையைத்தான் இன்றும் முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். அதைப் படித்த அதே வாரத்தில், கல்லூரி மைதானத்தில் சாக்பீஸால் ஏழுக்கு எட்டு கோல் கட்டம் போட்டு உள்ளே நின்று பார்த்தோம். எங்கள் ஊர்க் கூத்துக்காரர்கள் ஆடுகிற இடமான களரியின் அளவுதான்.

இப்போது பாரதத்துக்கு வருகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் கோடை வந்தால் எங்காவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கியார் மகாபாரதக் கதை சொல்வார். இரவில் கூத்து. பல ஊர்களில் பதினெட்டு நாள். இரவு உணவுக்குப் பிறகு களரி கட்டுவார்கள். மிருதங்கமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து எழுப்புகிற அந்தச் சத்தம் மூன்று ஊருக்குக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

அருச்சுனன் தபசு அன்றைக்கு ஓர் உயரமான பனைமரத்தை நட்டு, ஏறுவதற்குக் கட்டைகள் அடித்து, உச்சியில் பரண் கட்டியிருப்பார்கள். சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டித் தவம் செய்யப் போகும் அருச்சுனன் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். எங்கள் ஊரில் அவர் உச்சிக்குப் போகும்போது விடிந்துகொண்டிருக்கும். கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் குளித்து ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றி வருவார்கள். மேலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிய, இவர்கள் முந்தானையை ஏந்திப் பிடிப்பார்கள். அங்கே நடிப்பது யார், பார்ப்பது யார்? மரத்தில் இருப்பவர் கதைக்குள் இருக்கிறார். கீழே இருக்கிற பெண்களோ தங்கள் சொந்த வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறார்கள். நடுவில் ஒரு பழம் விழுகிறது. பாரதப் போரின் முடிவை ஆடிக் காட்டும் படுகளத்தன்று திடலில் மண்ணால் பெரிய துரியோதனன் கிடப்பான். பீமன் வேஷம் அவன் தொடையை அடிக்க, திரௌபதி கூந்தல் முடிப்பாள். எங்கள் பக்கம் துடைப்பமும் முறமும் எடுத்து வரும் வேஷக்காரரிடம் அடி வாங்கினால் பீடை போகும் என்று சனம் முண்டியடிக்கும். பட்டப்பகல், மறைக்க ஒன்றுமில்லை. அப்புறம் தீமிதி.

இதைத்தான் கடைசி ஆண்டு ஆய்வுக்கு எடுத்தேன். கதை, பாட்டு, அடவு பற்றியெல்லாம் பெரியவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்தது சின்ன விஷயம்: ஒவ்வோர் இரவும் வெளிச்சம் எங்கே விழுகிறது, அதில் யார் இருக்கிறார்கள். ஒரு பழைய கணக்கு நோட்டில் திடலின் படம் போட்டு, மணிக்கு மணி குறித்தேன். ஆண்கள் நிற்கும் இடம், பெண்கள் பாய் போடும் இடம், பிள்ளைகள் களரியின் விளிம்பில் படுத்துக்கொள்ளும் இடம், கட்டியங்காரன் நகர்ந்து போய்ப் பேசும் மூலைகள். துகில் உரியும் இரவில் பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்றதை அதில் ஒரே ஒரு அம்புக்குறியாகத்தான் போட முடிந்தது. அந்த அம்புக்குறியைப் பார்த்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்த வேலையின்போது வேஷம் கட்டும் இடத்தில் உட்காரக் கூத்து வாத்தியார் அனுமதி கொடுத்தார். தென்னங்கீற்றுத் தடுப்பு, கண்ணாடித் துண்டு, அரிதாரம், முத்துவெள்ளை, மை. மரத்தில் செய்து கண்ணாடி பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கட்டி முடிக்க நேரம் எடுக்கும். கட்டக் கட்ட அந்த மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வருவார். திரௌபதி வேஷம் கட்டுகிற ஆண் அன்றைக்கு விரதம். இத்தனை பக்தியும் இத்தனை உழைப்பும் உள்ள அந்த இடத்தில் பெண் ஒருத்தியும் ஆடுவதில்லை என்பது எனக்கு வலிக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடியிருக்கிறார்கள், நன்றாக ஆடியிருக்கிறார்கள். ஆகவே உடம்பு தாங்காது, குரல் நிற்காது என்ற பேச்சுக்கு இடமில்லை. என் அத்தை ஒருவர் மாங்காய் தரம் பிரிக்கும்போது கர்ண மோட்சத்துப் பாட்டை முழுக்கப் பாடுவார். கேட்டே கற்றது. அவர் களரியில் கால் வைத்ததில்லை.

வாத்தியாரிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ‘‘பாட்டும் அடவும் உனக்குச் சொல்லிக் குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. ராத்திரி களரியில ஏத்தணும்னா அது ஊருகிட்டக் கேக்கணும்’’ என்றார். சொன்னபடி பகலில் களத்துமேட்டில் கிறுக்கி சுற்றக் கற்றுக்கொடுத்தார். இரண்டு சுற்றிலேயே வானம் தலைகீழாகப் போய்விடும். மூன்று ஆண்டு உடற்பயிற்சி வகுப்பு எனக்குப் போதவில்லை. விடிய விடிய ஆடுகிறவர்களின் காலுக்கு வேறு படிப்பு இருக்கிறது. இப்போது கோடை விடுமுறையில் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் சிலருக்கு அவர் பாட்டுச் சொல்லித் தருகிறார். ஊரிடம் கேட்பது இன்னும் நடக்கவில்லை. கேட்கத்தான் போகிறேன்.

படித்து என்ன ஆனாய் என்று கேட்பவர்களுக்கு: பெங்களூரில் நாடகங்களுக்கு விளக்கு அமைக்கிறேன். மற்ற நாட்களில் கிருஷ்ணகிரி, பாலக்கோடு பக்கத்துப் பள்ளிகளில் நாடகப் பட்டறை நடத்துகிறேன். வருமானம் சீராக இருக்காது, அதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும். சினிமாவுக்குப் போகிற வழி என்று மட்டும் நினைத்து இதில் சேராதீர்கள். முதல் ஆண்டிலேயே கசந்துவிடும். தில்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளிக்குப் பட்டம் முடித்த பிறகு முயலலாம். இளங்கலையாகவே படிக்க வேண்டுமானால் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் திருச்சூர் நாடகப் பள்ளியைப் பாருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வழி இருக்கிறது. வீட்டிலோ தெருவிலோ கன்னடம் புழங்குவதால், கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற மலைநாட்டுக் கிராமத்தில் நீனாசம் என்ற நாடக அமைப்பு 1980 முதல் நடத்தும் நாடகப் பயிற்சிக்கு அவர்களால் போக முடியும். மொழி மூன்று தெரிந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்று எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் யாராவது சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. பெட்ரோமாக்ஸ் காலம் போய், இப்போது பாரதத் திடல்களில் எல்.இ.டி. ஃபோகஸ் கட்டுகிறார்கள். கூட்டத்தின் முதுகுப் பக்கத்திலிருந்து இரண்டு கம்பங்களில் நேராகக் களரிக்கு அடிக்கும் வெள்ளை வெளிச்சம். வேஷக்காரர் கண்ணில் அது குத்துவதால் அவருக்குச் சனம் தெரிவதில்லை. சனம் தெரியாவிட்டால் கட்டியங்காரனுக்குப் பாதிக் கூத்து போச்சு. விழாக்குழுவிடம் இதைச் சொன்னேன். ஒரு மாலை முழுக்கக் கூட இருந்து, அந்த இரண்டு விளக்கையும் பக்கவாட்டுக்கு மாற்றி உயரம் குறைத்துக் கட்டினோம். பெண்கள் பாய் போடும் பக்கம் மஞ்சள் பல்பு நான்கு கட்டினோம். செலவு பெரிதாக ஒன்றுமில்லை.

அன்று கீசக வதம். நடுஇரவு தாண்டி, கட்டியங்காரன் களரியை விட்டு இறங்கி நேராகப் பெண்கள் பக்கம் வந்தார். முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆயாவைக் காட்டி, ‘‘மகாராஜா, விராட தேசத்துல காவல் எப்படி இருக்குது பாருங்க’’ என்றார். ஆயா கண்ணைத் திறக்காமலே, ‘‘பாட்டு நல்லா இருந்தா நான் ஏண்டா தூங்கறேன்?’’ என்றது. திடல் முழுக்கச் சிரிப்பு. பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து சுருதியை ஏற்றிப் பிடித்தார்கள். காலையில் வேஷம் கலைத்துக்கொண்டே வாத்தியார் விழாக்குழுக்காரர்களைக் கூப்பிட்டு, அடுத்த வருஷமும் விளக்கை அதே இடத்தில் கட்டச் சொன்னார்.